எழுதுவித்தவர் எட்வேட் காணெற்

ஆங்கில நாவல் கற்கும் மாணவர் மூன்று நூல்களின் சமர்ப்பணப் பக்கங்களை ஒருங்கே வைத்து நோக்குவாராயின் ஒரு புதுமையைக் காண்பர். யோசேப் கொன்றாட் என்பார் 'நாசிசஸ்' என்னும் கப்பலின் மாலுமிகளைப் பற்றி எழுதி 1897இல் வெளியிட்ட நாவல் ஒன்று. ஜோன் கோல்ஸ்வேதி 1906இல் வெளியிட்ட 'சொத்துடைய மனிதன்' மற்றொன்று. டி. எச். லோறன்ஸ் 1913இல் வெளியிட்ட 'மைந்தரும் காதலரும்' மூன்றாவது. கடலோடி ஒருவர், செல்வர் ஒருவர், சுரங்கத் தொழிலாளியின் மகன் ஒருவர் என இம்மூவரும் பிறப்பாலும் வாழ்வாலும் எழுத்தாலும் ஒருவரையொருவர் ஒவ்வாதவர். எனினும் மூவரும் தத்தம் நூலை உரிமையாக்கியது ஒருவருக்கே. அவரே எட்வேட் காணெற்.

பிறர் நாவல்களைக் கையெழுத்திலே வாசித்துக் குறை கூறியும் நிறை கூறியும் திருத்துவித்த பணியினாலே இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றவர் அவர். நூலாசிரியருடைய வாழ்க்கைகளை நாம் விரும்பிக் கற்கின்றோம். நூலாசிரியர் ஆகுமுன் அவர்களைக் கண்டுகொண்டவருடைய வாழ்க்கையைக் கற்பார் சிலரே. கல்லூரிச் சஞ்சிகையில் முதற் கதையை எழுதிவிட்டு ஆசிரியருடைய முகத்தை நோக்கி நின்ற அநுபவம் நம்மிற் பலர்க்கும் உண்டாதலின், காணெற்றின் சரிதம் இம்மலரிலே இடம்பெறுதல் பொருந்தும் எனத் துணிந்தோம்.

அவர் 1868ஆம் ஆண்டு சனவரி 5ஆந் திகதி இலண்டனிற் பிறந்தார். அவருடைய பாட்டனார் பிரித்தானிய நூதனசாலையின் நூலகத்திலே பணியாற்றியவர். தந்தையார் றிச்சேட் காணெற்றும் அங்கேயே சேவையிலமர்ந்து, ஈற்றில் அச்சு நூற்பகுதியின் தலைமைக் காப்பாளராய் உயர்ந்தவர். இலண்டனில் ஆராய்ச்சி செய்த அறிஞர் பலர்க்கு நடமாடும் நூற்பட்டியலாய் விளங்கியவர். இத்தகைய குடியிற் பிறந்த மகன் பல்கலைக்கழகம் புகுந்திலர். சிற்றி ஒவ் லண்டன் பாடசாலைப் படிப்போடு அவர் கல்வி நின்றது. எஞ்சியதெல்லாம் வீட்டிலிருந்த நூல்களைத் தம் மனம்போனபடி வாசித்ததே.

1887இல் பிஷர் அன்வின் என்பாருடைய பதிப்பகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. என்ன வேலை? நூல்களைத் தாளிற் சுற்றிக் கட்டி அனுப்பும் வேலை. அதிலே அவர் திறமை காட்டினார் என்று சொல்லுவார் இல்லை. விரைவிலே அவரைக் கையெழுத்துப் பிரதிகளை வாசிக்கும் மேசைக்கு மாற்றினர். பதிப்பகத்துக்கு வரும் பிரதிகளை வாசித்து, வெளியிடத் தக்கதா தகாததா என்று பதிப்பாளர்க்கு அறிக்கை எழுதுதலே அவ்வுத்தியோகம். ஊதியம் சிறிது; பெயர் எங்கும் வெளிவராது; வாசிக்கும் நூற்றில் தொண்ணூறு குப்பையாய் இருத்தலும் கூடும். அவ்வேலையிலே தொடங்கி, பதிப்பகங்கள் மாறினும் வேலை மாறாது, ஏறக்குறைய ஐம்பது ஆண்டு அவர் இருந்தார்.

1889இல் கொன்ஸ்ரன்ஸ் பிளாக் என்னும் பெண்மணியை மணந்தார். அவ்வம்மையார் கேம்பிரிட்ஜில் நியூனம் கல்லூரியிற் கிரேக்கமும் இலத்தீனும் கற்றவர். இலண்டனுக்கு ஓடிவந்திருந்த உருசிய அரசியல் அகதிகளின் நட்பினால் உருசிய மொழியைக் கற்று, துர்க்கனேவ், தொஸ்தோயெவ்ஸ்கி, தோல்ஸ்தோய், செக்கோவ் ஆகியோருடைய நூல்களை எழுபது தொகுதிகளளவில் ஆங்கிலப்படுத்தினார். நம் நாட்டார் உருசிய நாவலை முதன்முதல் அறிந்ததும் பெரும்பாலும் அவ்வம்மையாரின் ஆங்கில வாயிலாகவே என்று கூறின் அது மிகையாகாது. மனைவியார் மொழிபெயர்த்த துர்க்கனேவ் நாவல்கள் பலவற்றுக்குக் கணவர் முன்னுரை எழுதினார். இதனை ஈண்டுக் கூறுதற்குக் காரணமுண்டு. காணெற்றின் உரைகல் துர்க்கனேவ். சுருங்கச் சொல்லல், பாத்திரங்களை விலகி நின்று நோக்கல், முடிவிலே ஆரவாரமின்மை என்னும் இவற்றையே அவர் எவர் நாவலிலுந் தேடினார். அவருடைய வெற்றிகளுக்கும், பின்னே நாம் கூறப்போகும் தோல்விகளுக்கும் வேர் இதுவே.

தாமும் எழுத முயலாதவரல்லர். 'முரண்பாட்டுச் சங்கம்' என்ற நாவலை 1888இலும், 'ஒளியும் நிழலும்' என்ற நாவலை 1889இலும் வெளியிட்டார். அவை நின்று நிலவவில்லை. நாடகத்துறையிற் புகுந்து அவர் எழுதிய நாடகமொன்றுக்கு 1907இல் தணிக்கை அதிகாரி அனுமதி மறுத்தார். பிறருடைய நாவலிற் பிழையை நொடியிற் காணும் கண், தம் நாவலுக்கு உயிரூட்டும் கையாக மாறவில்லை. தாம் பெறாத பேற்றைப் பிறர் பெறக் கண்டு அழுக்காறு கொள்ளும் இயல்பு எழுத்துலகிற் புதிதன்று. காணெற்றிடம் அஃது இருந்ததென்று அவரோடு பிணங்கிப் பிரிந்தவருங் கூறிற்றிலர்.

இனிக் கொன்றாட்டின் கதைக்கு வருவோம். போலந்திலே பிறந்து, கடலிலே ஏறத்தாழ இருபது ஆண்டுகளைக் கழித்து, கப்பற்றலைவருக்குரிய சான்றிதழும் பெற்றிருந்த ஒருவர், 1894ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஒரு பிரதியை அன்வின் பதிப்பகத்துக்கு அனுப்பினார். 'அல்மேயரின் மடமை' என்பது அதன் பெயர். ஆங்கிலம் அவர்க்குத் தாய்மொழியன்று. பிரெஞ்சுக்குப் பின்னர்க் கற்ற மூன்றாம் மொழி. கப்பலிலிருந்து கப்பலுக்குத் தம்மோடு கொண்டுதிரிந்து ஐந்தாண்டுகளாக அவர் எழுதிய பிரதி அது. அதனை முதலில் வாசித்து நன்றென்று கண்டவர் அப்பதிப்பகத்தின் பிறிதொரு வாசகராகிய செசன் என்பவர். புகழ் முழுதும் காணெற்றையே சார்ந்துவிட்டதாதலின், அவர் பெயரைச் சொல்லாது விடுதல் நீதியன்று. காணெற்றும் வாசித்துப் பரிந்துரைக்கவே, அன்வின் 20 பவுண் கொடுத்துப் பதிப்புரிமையை வாங்கினார். நூல் 1895இல் வெளிவந்தது.

அவ்வாண்டுக்கு முந்திய ஆண்டின் இறுதிப் பகுதியில் இருவரும் முதன்முறை சந்தித்தனர். கொன்றாட்டுக்கு அப்போது வயது முப்பத்தாறு. ஒரு நூல் எழுதியாயிற்று. இனிக் கடலுக்கே மீள்வதா, எழுத்திலே நிற்பதா என்று அவர் மனம் ஊசலாடிற்று. அன்றிரவு காணெற் அவரைப் புகழ்ந்து மயக்கவுமில்லை. எழுத்தையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளும்படி உபதேசிக்கவுமில்லை. உம்மிடம் நடையுமுண்டு, அதற்குரிய இயல்புமுண்டு. இன்னுமொரு நூல் எழுதினாலென்ன என்னுங் கருத்துப்பட வினாவினார். அவ்வளவே. கால் நூற்றாண்டு கழிந்தபின் இதனை நினைவுகூர்ந்த கொன்றாட், தொடர்ந்து எழுதிக்கொண்டே இரும் என்று அவர் கூறியிருந்தால் அஞ்சி ஓடியிருப்பேன் என்றும், இன்னுமொன்று என்ற சொல்லே தம்மை வென்றதென்றும் எழுதினார். வாழ்நாள் முழுதும் என்பது மலை. இன்னுமொன்று என்பது ஒரு படி.

அன்றிரவே வீடு சென்று இரண்டாவது நாவலின் முதல் அரைப் பக்கத்தை எழுதிய பின்னரே உறங்கினதாகவுங் கொன்றாட் சொல்லுகின்றார். ஆனால் அச்சந்திப்புக்குச் சில மாதம் முன்னரே அந்நாவலை அவர் தொடங்கிவிட்டார் என்பதை அவருடைய கடிதங்கள் காட்டுகின்றன. முதியவர்களின் நினைவு இவ்வாறு அழகுபடுத்திக் கொள்வதுண்டு. தொடங்கிய நூலை முடிக்குந் துணிவு அன்று பிறந்தது என்று நாம் அதனைப் பொருள்கொள்ளலாம்.

'தீவுகளின் புறத்தள்ளுண்டான்' என்ற அவ்விரண்டாம் நாவலின் அத்தியாயங்கள் எழுதப்பட எழுதப்படக் காணெற்றிடம் சென்றன. அது 1896இல் வெளிவந்தது. பின்னர், ஐரோப்பிய ஓவியனொருவனைப் பற்றி 'சகோதரியர்' என்ற நாவலைக் கொன்றாட் தொடங்கினார். காணெற் அதன் முற்பகுதியை வாசித்து, இதனை விட்டுவிடும் என்றார். கொன்றாட் விட்டுவிட்டார், அஃது இன்றும் துண்டமாகவே உள்ளது. அடுத்துத் தொடங்கிய கடற்கதையொன்றின் முற்பகுதியைக் காணெற் பெரிதும் பாராட்டினார். ஆயினும் அந்நூல் நகர மறுத்தது. இடையிலே பல நாவல்கள் பிறந்து புகழ்பெற, அது மட்டும் 1920இலேயே 'மீட்பு' என்னும் பெயரோடு நூலாயிற்று. தடுத்த சொல் உடனே பலித்தது. பாராட்டிய சொல் பலிக்க இருபதாண்டுக்கு மேலாயிற்று. குறை கூறுதலே கொடுமை, பாராட்டுதலே உதவி என்று எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக.

1896இல் கென்ற், சறே மாகாணங்களின் எல்லையிலே, காட்டோரத்தில் காணெற் தம்பதியர் சியாண் என்ற கல்வீடொன்றைக் கட்டினர். பதிப்பக அலுவலகத்தைவிட இவ்வீட்டிலேதான் மெய்யான வேலை நடந்தது எனலாம். இளம் எழுத்தாளர் வார இறுதியில் அங்கே அழைக்கப்படுவர். கணப்படுப்பின் முன் பிரதியை விரித்து வைத்துக்கொண்டு இரவு நெடுநேரம் உரையாடுவர். பொதுப்படக் கூறுதல் காணெற்றின் வழக்கமன்று. இந்த அத்தியாயத்திலே இந்த மனிதன் இவ்வாறு செய்யான் என்பதே அவர் கூறும் மாதிரி. எழுத்தாளன் வாதிட்டால் மகிழ்வார். எல்லாவற்றுக்குந் தலையாட்டினால் ஐயுறுவார்.

கோல்ஸ்வேதி தலையாட்டுபவரல்லர். சட்டம் பயின்ற செல்வக்குடி மகனாகிய அவர், 1893இல் 'ரொறன்ஸ்' என்னும் கப்பலிலே பிரயாணியாய்ச் சென்றபோது, அக்கப்பலின் முதல் துணைத்தலைவராயிருந்த கொன்றாட்டின் நண்பரானார். கொன்றாட்டே பின்னர் அவரைக் காணெற்றிடம் ஆற்றுப்படுத்தினார். அவருடைய 'தீவுப் பரிசேயர்' என்ற நாவலின் முதற்பிரதி நாடோடி ஒருவன் தன் கதையைத் தானே கூறுவதாய் அமைந்திருந்தது. நாடோடியின் உள்ளம் உமக்குத் தெரியாது. அவனைப் புறத்தே நின்று காணும் கனவான் ஒருவனின் கண்வழியே காட்டும் என்றார் காணெற். முழு நாவலையும் மாற்றுக என்பதே இதன் பொருள். கோல்ஸ்வேதி மாற்றினார், மாற்றியதையும் மீண்டும் மாற்றினார். மூன்றாம் முறை எழுதப்பட்டதே 1904இல் அச்சேறியது. தாம் அறிந்ததை விட்டு அறியாததை எழுதப் புகும் இளைஞர் எல்லா நாட்டிலும் உளர். பட்டணத்துப் பையன் உழவனின் வாயாற் பேசுங் கதைகள் எத்தனையை நாம் கண்டிருக்கின்றோம்!

'சொத்துடைய மனிதன்' எழுதப்பட்டபோது, 1905இல், இருவருக்குமிடையே பெரும் வாதம் எழுந்தது. அந்நாவலிற் சோம்ஸ் என்பான் தன் மனைவி ஐறீனையும் ஒரு சொத்தாகவே கருதுகின்றான். அவளோ பொசினி என்னும் கட்டடக் கலைஞனை விரும்புகின்றாள். கோல்ஸ்வேதியின் பிரதியில் பொசினி தற்கொலை செய்துகொண்டான். காணெற்றுக்கு இஃது அறவே ஒவ்வவில்லை. இத்தகைய மனிதன் இவ்வாறு சாகான். இஃது ஆசிரியர் வலிந்து புகுத்திய சாவு என்று கடிதத்தின்மேற் கடிதம் எழுதினார். காதலர் இருவரும் தப்பிச் சென்று வாழ்தலே தக்கதென்றும் வற்புறுத்தினார். கோல்ஸ்வேதி பதிலுக்கு நீண்ட கடிதங்கள் எழுதித் தம் நோக்கை விளக்கினார். முடிவிலே அவர் செய்தது பாதியே. மூடுபனியில் வண்டியில் அகப்பட்டுப் பொசினி இறந்தான். அது விபத்தோ தற்கொலையோ என்பது வாசகர்க்கு ஐயமாகவே விடப்பட்டது. தப்பிச் செல்லும் முடிவை மட்டும் ஆசிரியர் ஏற்றிலர். நாவலின் இறுதியில் ஐறீன் சோம்ஸின் வீட்டுக்கே மீள்கின்றாள்.

நம் கருத்தில் இருவரும் பாதிபாதி சரியே. நோயைக் கண்டவர் காணெற். மருந்தைக் கண்டவர் கோல்ஸ்வேதி. ஐறீன் வெற்றியோடு தப்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பின்னெழுந்த நூல்களோடு சேர்ந்து 'போர்சைற் சரிதை'யாய் அது வளர்ந்திருத்தல் அரிது. அச்சரிதையைச் சிறப்பாகச் சுட்டியே 1932இல் கோல்ஸ்வேதிக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

லோறன்ஸின் கதை இவற்றினும் உருக்கமானது. நொட்டிங்கம் பகுதியிலே சுரங்கத் தொழிலாளியின் மகனாய்ப் பிறந்து, இலண்டனை அடுத்த குறொய்டனில் ஆசிரியத் தொழில் செய்துகொண்டிருந்த அவ்விளைஞர் 1911இல் காணெற்றின் தொடர்பைப் பெற்றார். அவ்வாண்டின் இறுதியில் நோயுற்று, ஆசிரியத் தொழிலையும் கைவிட நேர்ந்தது. இனி எழுத்தே சோறு. பிறரொருவர் பழித்தமையால் மூலையிற் போட்டிருந்த நாவலொன்றை அவர் காணெற்றிடங் காட்ட, அதனைத் திருத்தும் வழியைக் காணெற் குறிப்பெழுதிக் கொடுத்தார். அது 1912இல் டக்வேத் பதிப்பகத்தின் வாயிலாக வெளிவந்தது. காணெற் அப்போது அப்பதிப்பகத்தின் வாசகர்.

அதே ஆண்டு தம் தாயையும் தம் இளமையையும் பொருளாகக் கொண்ட பெருநாவலை லோறன்ஸ் முடித்தார். ஹைன்மன் பதிப்பகம் மறுத்துவிட்டது. காணெற் அதனை வாங்கி வாசித்து, விரிவான குறிப்புகளை அனுப்பினார். லோறன்ஸ் இத்தாலியிலே கார்டா ஏரிக்கரையில் வறுமையோடிருந்து முழுவதையும் புதிதாய் எழுதினார். அப்பொழுதும் நூல் நீண்டிருந்தது. காணெற் பேனாவை எடுத்து ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை வெட்டினார். மூத்த சகோதரனைப் பற்றிய பகுதிகள் பல போயின. அக்காலப் புத்தகசாலைகள் ஏற்கத் தயங்குஞ் சில வெளிப்படையான பகுதிகளும் போயின. லோறன்ஸ் வருந்தினார்; ஆயினும் இசைந்தார்; நன்றியுங் கூறினார். கையிற் பணமில்லாதவனுடைய இசைவு எத்துணை முழுமையானது என்பதை யார் அளந்தறிய வல்லார்? நூல் 1913இல் வெளிவந்து நிலைபெற்றது. வெட்டுண்ட பகுதிகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1992இல் மீண்டுஞ் சேர்த்து முழுநூலாய் வெளியிட்டது. இரண்டையும் ஒப்பிட்டு வாசிப்பாரிடையே எது சிறந்தது என்ற வாதம் எழுவதுண்டு. தமையனின் பகுதி முழுமையாய் இருக்கும்போது நாவலின் பெயரிலுள்ள மைந்தர் என்னும் பன்மைக்குப் பொருள் தெளிவாகின்றது. வெட்டுண்ட நூலில் கதை விரைவாய் ஓடுகின்றது. நாம் முழுநூலின் பக்கமே சாய்வோம்.

ஓராண்டில் உறவு முறிந்தது. லோறன்ஸ் அடுத்து எழுதிய நாவல் காணெற்றுக்குப் பிடிக்கவில்லை. பாத்திரங்களின் குணம் நிலைபெறவில்லை என்று கண்டார். 1914 யூன் மாதத்தில் லோறன்ஸ் எழுதிய பதில் இலக்கிய வரலாற்றிற் பேர்பெற்றது. பழைய முறையில் ஒரு மனிதனின் நிலையான குணத்தைத் தம் நாவலிலே தேடவேண்டாம் என்றும், குணத்துக்கும் அடியிலுள்ள மூலப்பொருளையே தாம் நாடுவதாகவும் அதில் விளக்கினார். நூலை வேறு பதிப்பகம் கூடுதலான முற்பணத்தோடு ஏற்றது. அந்நூலே 1915இல் வெளிவந்த 'வானவில்'. மாணவன் ஆசிரியனின் எல்லையைக் கடந்துவிட்டான். ஆசிரியருக்கோ அவ்வெல்லைக்கப்பால் நிலம் இருப்பதாகத் தெரியவில்லை.

1916இல் இது மீண்டும் நிகழ்ந்தது. ஜேம்ஸ் ஜொய்ஸின் 'கலைஞனின் இளமைக்கால ஓவியம்' டக்வேத்துக்கு வந்தபோது காணெற் எழுதிய அறிக்கை, அதற்கு உருவமில்லை, கட்டுப்பாடில்லை, முடிவு சிதறிப்போகின்றது, திருத்தினாலன்றி வெளியிடலாகாது என்பதாக இருந்தது. ஜொய்ஸ் திருத்த மறுத்தார். அந்நூல் அவ்வாண்டின் இறுதியில் நியூயோர்க்கிலே அச்சேறி, இன்று உலகெங்கும் பாடநூலாய் விளங்குகின்றது. காணெற்றைப் போற்றுவோர் இவ்வறிக்கையை மறைத்தல் ஆகாது. அவரைப் பழிப்போர் இதனையொன்றையே காட்டுதலும் ஆகாது. துர்க்கனேவின் அளவுகோலால் அளந்தார். அக்கோலுக்குள் அது அடங்கவில்லை. முறிவுற்ற பின்னர் அவரிடம் காணப்பட்ட நற்குணமொன்றுண்டு. தம் சொல்லைக் கேளாது சென்றவரை அவர் பகைத்துத் திரிந்திலர். அடுத்த பிரதியை எடுத்து வாசிக்கத் தொடங்கினார்.

1921இல் தொடங்கப்பட்ட ஜொனதன் கேப் பதிப்பகம் அவரை வாசகராய் அமர்த்திக்கொண்டது. ஐம்பது வயதைக் கடந்த அவருக்கு இஃது இரண்டாம் இளமை போலாயிற்று. அயர்லாந்தின் மேற்கே அறன் தீவிற் பிறந்த லியாம் ஒபிளாகேற்றியை 1923இல் நாவலாசிரியராக்கினார். பெருநகரக் கதைகளை விடுத்து, பிறந்த தீவின் ஆடு மாடுகளையும் பறவைகளையும் அலைகளையும் எழுதும்படி அவரைத் தூண்டினார். அவ்வாறு பிறந்த சிறுகதைகள் இன்றும் மாணவர்க்கு விருந்து. 1926இல் இருபது வயதினரான எச். ஈ. பேற்ஸின் முதல் நாவலைப் பல பதிப்பகங்கள் திருப்பியனுப்பிய பின் ஏற்றுத் தாமே முன்னுரையும் எழுதினார். நரைத்த தலையும் தடித்த கண்ணாடியும் பருத்த உடலும் கொண்ட அம்முதியவரைக் கண்டு, அவ்விளைஞர் முதலில் நடுங்கினார். புகழ் தலைக்கேறுகின்றதென்று கண்டபோது காணெற் அவரைக் கடுமையாகக் கண்டித்ததும் உண்டு.

தமக்கு வந்த கொன்றாட்டின் கடிதங்களை 1928இலும், கோல்ஸ்வேதியின் கடிதங்களை 1934இலும் அவர் தொகுத்து வெளியிட்டார். தாம் அவர்களுக்குச் செய்த உதவியின் வரலாறு அவற்றிலேதான் உள்ளது. அதிலும் பெரும்பாலும் அவர்களுடைய குரலே கேட்கின்றது.

1937ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆந் திகதி, அறுபத்தொன்பதாம் வயதில், இலண்டன் செல்சிப் பகுதியிலுள்ள தம் இல்லத்தில் அவர் காலமானார். அன்றுவரை அவர் கேப் பதிப்பகத்தின் பிரதி வாசகராகவே இருந்தார். கொன்ஸ்ரன்ஸ் அம்மையார் சியாண் வீட்டிலே 1946வரை வாழ்ந்தார். 1950இல் பேற்ஸ் தம் ஆசானைப் பற்றிச் சிறு நூலொன்று எழுதினார். மகன் டேவிட் காணெற் நாவலாசிரியராய்ப் புகழ்பெற்றார். தந்தையாருக்குக் கைகூடாதது அவருக்குக் கைகூடிற்று.